நிழலில் நிறுத்தாத புதுக் கார்

இன்று மதியம் புதுவாயல் கூட்ரோட்டில், பிரியாணிக் கடைக்கு எதிரே ஒரு புதுக் கார். உச்சி வெயில். கண்ணாடியெல்லாம் ஏற்றிப் பூட்டியிருந்தது.

உள்ளே மூன்று வயதுப் பெண் குழந்தை கண்ணாடியைத் தட்டி அழுதுகொண்டிருந்தாள். சத்தம் வெளியே கேட்கவே இல்லை.

"யாரு காருங்க இது?" என்று கத்தினேன். கடைக்குள்ளிருந்து குழந்தையின் அப்பா பார்சலோடு சாவகாசமாக வந்தார்.

"அஞ்சே நிமிசம்க்கா. தூங்கினு இருந்தா, எழுப்ப மனசு வரல."

அவர் கதவைத் திறந்ததும் அடுப்பு அனல் மாதிரி முகத்தில் அடித்தது. குழந்தையைத் தூக்கினேன். உடம்பு கொதித்தது, சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. என் பாட்டில் தண்ணீரை மூச்சு விடாமல் குடித்தாள்.

பத்தடி தள்ளிப் புளியமரத்து நிழல் காலியாகக் கிடந்தது. நிழலானாலும் பிள்ளையைப் பூட்டிவிட்டுப் போகக் கூடாதுதான். ஆனாலும் கேட்டேன்: "அங்க கூட நிறுத்தத் தோணலயா?"

"புது வண்டிக்கா. காக்கா எச்சம் போட்டா பெயின்ட்டு பூடும்."

பம்பரில் திருஷ்டிக்கு எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் வாடாமல் தொங்கின. வாடியது அந்தப் பிள்ளை மட்டும்தான்.

அதற்குப் பிறகு நான் திட்டியதை இங்கே எழுத முடியாது. விட்டுப்போன வார்த்தை ஏதாவது இருந்தால் கமென்ட்டில் போடுங்கள். அடுத்த அப்பாவுக்கு ஆகும்.