குடையோடு போன அட்டை

மடிப்பக்காவிடம் எதைக் கொடுத்தாலும் பொட்டலம் கட்டிவிடுவாள். பந்தோ, தேநீர்க் கெண்டியோ, மூன்று கால் முக்காலியோ, எதுவானாலும் காகிதத்தை ஒரு சுற்று சுற்றி, ஓரத்தை நகத்தால் நீவி மடித்துக் கொடுத்தால், வாங்கியவருக்குப் பிரிக்கவே மனசு வராது. ஒரு பெரிய கடையின் அடித்தளத்தில், கிஃப்ட் பேக்கிங் மேசைக்குப் பின்னால் பதினேழு வருடம் நின்ற கை அது. பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் மட்டும் இருந்தது. மற்ற எல்லோருக்கும் அவள் மடிப்பக்காதான்.

அந்த மேசையில் அவள் ஒரு பாடத்தைப் பட்டுத் தெரிந்துகொண்டாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பெரியவர், அட்டையில் எழுதச் சொல்லி 'இனியாவது சந்தோஷமாக இரு' என்று வாழ்த்து எழுதிக் கொடுத்தார். அந்த 'இனியாவது' அவளுக்கு உறுத்தியது. நல்ல நாளும் அதுவுமாக இது எதற்கு என்று, அதை விட்டுவிட்டு மீதியை எழுதினாள். மறுநாள் அவர் வந்து போட்ட சத்தத்தில் கடை இரண்டுபட்டது. அந்த வாழ்த்தில் அவருக்கு முக்கியமானதே அந்த ஒரு வார்த்தைதானாம்! அன்று முதல், எழுதிக் கொடுத்ததில் ஒரு புள்ளியைக்கூட அவள் மாற்றியதில்லை. போகப்போக, கை எழுதும், தலை படிக்காது என்றாகிவிட்டது.

போன வருடம் கடை கைமாறியது. புது முதலாளி, பளபளப்பான பை போதும் என்று சொல்லி மேசையைத் தூக்கிவிட்டார். கத்தரிக்கோலைப் பைக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தவளுக்கு, இரண்டு நாள் கையை என்ன செய்வதென்றே தெரியவில்லை.

வீட்டு முன்னறையில் புருஷன் குடை செய்துகொண்டிருந்தார். நல்ல குடைகள். காற்றடித்தால் கவிழாது, கம்பி துருப்பிடிக்காது. அவருடைய தங்கை, அதாவது மடிப்பக்காவின் நாத்தனார், அவர்களோடு இருந்துகொண்டு அலுவலகத்தில் கணினி வேலை பார்ப்பவள். அண்ணன் குடைகளுக்காக இணையத்தில் ஒரு கடை திறந்து வைத்திருந்தாள். அது ஈ ஓட்டிக்கொண்டிருந்தது.

"அண்ணி, வருஷக் கடைசி லீவு வருது. ஆளாளுக்குப் பரிசு தேடுவாங்க. நீங்க பேக்கிங் பண்ணுங்க, நான் சலுகை போடறேன். ஒரு குடை வாங்கினாலும் கிஃப்ட் பேக்கிங் இலவசம், வாழ்த்து அட்டையும் கையால எழுதித் தர்றோம்" என்றாள் நாத்தனார்.

"குடையைப் போய் யாராவது பரிசா குடுப்பாங்களா?" என்றார் குடைக்காரர்.

"குடுக்கிற மாதிரி கட்டினா குடுப்பாங்க" என்றாள் மடிப்பக்கா.

சொல்லிவிட்டாளே தவிர, குடை லேசில் மசியவில்லை. உடம்பு குச்சி, தலை கொக்கி. அந்த வளைந்த பிடியில்தான் காகிதம் கிழியும். மூன்று நாள் பழைய செய்தித்தாளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். நான்காம் நாள், பிடிக்கு மட்டும் காகிதத்தைப் பட்டையாக வெட்டி, விரலுக்குக் கட்டுப் போடுவதுபோல் சுற்றி ஏற்றினாள். சுருக்கமே இல்லாமல் வளைந்து உட்கார்ந்தது. குடைக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "உள்ளே இருக்கிற குடையை விட இது நல்லா இருக்கே" என்று பொறாமைப்பட்டார்.

சலுகை போட்ட மூன்றாம் நாளே ஆர்டர் கொட்ட ஆரம்பித்தது. சாப்பாட்டு மேசை பேக்கிங் மேசையாக மாறியது. மூவரும் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டார்கள். காலையில் நாத்தனார் ஆர்டர் சீட்டுகளை அச்செடுத்து வைத்துவிட்டு அலுவலகம் போவாள். சீட்டில் 'செய்தி' என்ற கட்டத்தில் இருப்பதை மடிப்பக்கா பொன்னிற மையில், பூ ஓரம் போட்ட அட்டையில் முத்து முத்தாக எழுதுவாள். ரிப்பன் துண்டுகள் குளியலறை வரை பறந்தன. அவ்வளவு சந்தோஷமாக அவள் வேலை செய்து யாரும் பார்த்ததில்லை. மெல்லிய குரலில் ஒரு பாட்டுகூடப் பாடினாள், ராகம்தான் வேறெங்கோ போயிற்று.

இரண்டாம் வாரம் ஒரு போன் வந்தது. எதிர்முனையில் ஒரு பெண் சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கினாள். "என் வீட்டுக்காரர் பரிசு அனுப்பியிருக்கார். அட்டையில 'நாய் கடிக்கும், கேட்டுக்குள்ள வராதீங்க'ன்னு இருக்கு. எங்க நாயைச் சொல்றாரா, இல்ல என்னைச் சொல்றாரா?"

விஷயம் புரிய கொஞ்ச நேரம் பிடித்தது. நாத்தனார் கடைப் பக்கத்தில் ஒரே ஒரு கட்டம்தான் வைத்திருந்தாள். சிலர் அதில் வாழ்த்து எழுதினார்கள். சிலர் கடைக்காரருக்கோ கூரியர்காரருக்கோ சொல்ல வேண்டியதை எழுதினார்கள். மடிப்பக்கா எல்லாவற்றையும் பாரபட்சமில்லாமல் பொன்னிற மையில் எழுதிவிட்டாள்!

மாலையில் பழைய சீட்டுகளைக் கடைபரப்பி உட்கார்ந்தார்கள். ஒரு மேலதிகாரிக்கு, 'விலை ஒட்டியிருந்தா கிழிச்சிடுங்க'. ஒரு மாமியாருக்கு, 'மலிவானதே போதும்'. நாத்தனார் தரையில் உருண்டு சிரித்தாள். குடைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மடிப்பக்காவும் சிரித்துக்கொண்டேதான் அடுத்த சீட்டை எடுத்தாள். எடுத்தவளுக்கு முகம் செத்துவிட்டது.

'பேர் போட வேண்டாம். நான் அனுப்பினதுன்னு தெரிஞ்சா அக்கா திருப்பி அனுப்பிடுவா. மழையில நனைஞ்சுக்கிட்டே பஸ்ஸுக்கு நிக்கறா. லாரியில போகும்போது பார்த்தேன்.'

அதையும் அவள் எழுதியிருந்தாள். பூ ஓரம் போட்டு.

அனுப்பியவருக்கு உடனே போன் செய்தாள். லாரி ஓட்டுபவர். எஞ்சின் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தி, தட்டுத்தடுமாறிச் சொல்லி முடித்தாள். "ஆறு வருஷமா பேச்சில்லைங்க. அவ பொண்ணு கல்யாணத்தன்னிக்கு நான் லோடு ஏத்திக்கிட்டுப் போயிட்டேன். தாய்மாமன் நானே வரலைன்னா..." என்று நிறுத்தினார். "பரவாயில்லை விடுங்க. திரும்பி வந்தா சொல்லுங்க, வந்து எடுத்துக்கறேன்."

திட்டியிருந்தால்கூட அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். விசாரித்ததில், பொட்டலம் அன்று காலையே போய்ச் சேர்ந்திருந்தது. நாத்தனார் அன்றைக்கே இரண்டாவது கட்டம் வைத்துவிட்டாள். வைத்து என்ன, போனது போனதுதானே. அந்தப் பெண் அட்டையைப் படித்திருப்பாள். குடையை அப்படியே திருப்பி அனுப்புவாள். தம்பி பயந்தது மடிப்பக்காவின் கையாலேயே நடந்துவிடும். கூரியர்காரரின் வண்டி தெருமுனையில் திரும்பினாலே மடித்த காகிதம் கோணியது. "ரிட்டர்ன் ஏதாவது இருக்கா?" என்று தினமும் கேட்டாள். நாலாவது நாள் அவரே, "ஏன்க்கா, ரிட்டர்ன் வரணும்னு வேண்டுதலா?" என்று கேட்டுவிட்டார்.

ஐந்தாம் நாள் காலை. நாத்தனார் அச்செடுத்த சீட்டோடு ஓடி வந்தாள். "அண்ணி, இதைப் பாருங்க."

அனுப்புபவர், அந்த அக்கா. பெறுபவர், லாரி ஓட்டும் தம்பி. ஆறு வருடமாகப் பேசாதவளுக்குத் தம்பி வீட்டு விலாசம் கதவு எண், மாடி, எதிரில் இருக்கும் பஞ்சர் கடை வரை தெரிந்திருந்தது. கடைக்காரருக்கான புதுக் கட்டத்தில், 'போன தடவை மாதிரியே, ஒரு எழுத்து விடாம எழுதுங்க' என்று இருந்தது. மடிப்பக்கா பேனாவை எடுத்தாள். இந்த முறை கை எழுத எழுதத் தலையும் படித்தது. இரண்டு அட்டை கண்ணீர் பட்டு வீணானது. மூன்றாவதில்தான் முழுதாக வந்தது:

'குடை நல்லா இருக்கு. பார்த்தவன் வண்டியை நிறுத்தி என்னை ஏத்திக்கிட்டுப் போக வேண்டியதுதானேடா?'