செக்கர் வீட்டு விசாரணை

அந்தத் தெருவில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் கிடையாது. செக்கர் என்றால்தான் தெரியும். ஓடுகிற பேருந்தில் திடீரென்று ஏறி, "டிக்கெட்டைக் காட்டுங்க" என்று கை நீட்டுகிற உத்தியோகம். டிக்கெட் எடுக்காதவனை முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவேன் என்பதில் அவருக்கு ஏகப்பட்ட பெருமை. எடுக்காதவன் ஜன்னல் வழியே வெளியே பார்ப்பானாம், தூங்குகிற மாதிரி நடிப்பானாம், அணைத்து வைத்த செல்போனில் யாரோடோ சண்டை போடுவானாம். எடுத்தவன்தான் பாவம், எல்லாப் பையிலும் கையை விட்டுத் தேடித் திருதிருவென்று விழிப்பான். இதையெல்லாம் சாப்பிடும்போதும் சொல்வார், சாப்பிட்டுக் கை கழுவும்போதும் சொல்வார். திரைச்சீலை தைத்துக் கொடுக்கிற அவர் மனைவி, அந்த நேரம் பார்த்துத்தான் தையல் மெஷினை வேகமாக மிதிப்பாள்.

அப்பேர்ப்பட்டவர் வீட்டு மாடியறையில் ஒருநாள் காலையில் இரண்டு கோடு விழுந்தது.

மாடியில் இருந்தவன் மனைவியின் தம்பி. பெயிண்ட் கடையில் வேலை, குரலோ கல்யாண மண்டபத்துக்கே போதும். இரண்டு நாளாக இருமிக்கொண்டிருந்தவன், மருந்துக்கடையில் சோதனைப் பெட்டி வாங்கிவந்து மூக்கில் குச்சியை விட்டுப் பார்த்திருக்கிறான். பார்த்ததும் ஜன்னலைத் திறந்து, "அக்கா, எனக்குக் கொரோனா!" என்று பரிசு விழுந்தவன் மாதிரி அறிவித்தான். எதிர்வீட்டு ஜன்னல்கள் படபடவென்று சாத்திக்கொண்டன.

செக்கர் முதலில் டிப்போவுக்குப் போன் செய்தார். "வீட்டுல ஒருத்தருக்கு..." என்று ஆரம்பிப்பதற்குள், "வர வேணாம். பஸ்ல ஏறவும் வேணாம்" என்று சொல்லி அங்கே வைத்துவிட்டார்கள். அவருடைய விஷயம் அவ்வளவு சுலபமாக முடிந்தது. பிள்ளைகள் விஷயம்தான் முடியவில்லை.

பிள்ளைகள் இரண்டு பேர். பையனுக்கு அன்று முதல் பீரியடே கணக்குப் பரீட்சை. பெண்ணுக்குப் பகலில் ஆண்டுவிழா நாடகம். போன வருஷம் அதே மேடையில் மரமாக நின்றவள், கையை மட்டும் ஆட்டிவிட்டு வந்தவள். இந்த வருஷம் ராணி. மிச்சமான சிவப்புத் திரைச்சீலைத் துணியில் அம்மா தைத்த அங்கி கதவில் தொங்கிக்கொண்டிருந்தது. வீட்டில் யார் நடந்தாலும் அதில் இடித்துக்கொள்ளாமல் ஒதுங்கித்தான் நடந்தார்கள்.

பள்ளி அலுவலகத்தில் ஒரு பெண் போனை எடுத்தாள். "நெருங்கிய தொடர்பு இருந்தா அனுப்பாதீங்க சார். இல்லைன்னா தாராளமா அனுப்பலாம்."

"நெருங்கினதுன்னா எவ்வளவு நெருங்கினது?"

"அதை நீங்கதான் சார் முடிவு பண்ணணும்."

மிச்சமிருந்த குச்சிகளைப் பிள்ளைகளின் மூக்கிலும் விட்டுப் பார்த்தார்கள். ஆளுக்கு ஒரு கோடுதான். ஆனால் மருந்துக்கடைக்காரரோ, "இன்னைக்கு ஒண்ணு காட்டும் சார், நாளைக்கு ரெண்டு காட்டும். நம்பிட முடியாது" என்று சொல்லி, இருந்த கொஞ்ச நிம்மதியையும் பிடுங்கிக்கொண்டார்.

"பேசாம ரெண்டு பேரையும் நிறுத்திடலாமே" என்றாள் மனைவி. சொல்லும்போதே கண் அந்த அங்கியின் பக்கம் போனது.

"ஒரு தப்பும் பண்ணாத பிள்ளையை எதுக்கு நிறுத்தணும்? விசாரிச்சா தெரிஞ்சிடப் போகுது" என்றார் செக்கர். வாரக் கடைசியில் அவர் டூட்டியில் இருந்தார், அவள் யாரோ ஒருவர் வீட்டில் ஏணி மேல் நின்று திரை மாட்டிக்கொண்டிருந்தாள். மாடியில் யார் யாரோடு இருந்தார்கள் என்று இருவருக்குமே தெரியாது. எனவே விசாரணை. வேலைக்குப் போகவில்லை என்று தெரிந்தும் காக்கிச் சட்டையைப் போட்டு, பேட்ஜைக் குத்திக்கொண்டு, சமையலறையில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

பையன் கூப்பிடுவதற்கு முன்பே வந்து நின்றான்.

"அப்பா, நான் முழுக்க மாமா கூடத்தான் இருந்தேன். ஒரே தட்டுல சாப்பிட்டோம். மாமா என் மேலதான் தும்மினாங்க."

"எங்க தும்மினான்?"

"மூஞ்சிலதான். ரெண்டு கன்னத்துலயும்."

அடுத்து பெண். அப்பாவின் கண்ணை நேராகப் பார்த்தாள். "நான் மாமா பக்கமே போகலப்பா. வசனம் மனப்பாடம் பண்ணவே எனக்கு நேரம் பத்தல."

செக்கர் கண்ணை மூடி யோசித்தார். அவருடைய அனுபவத்தில், "என்கிட்ட டிக்கெட் இல்லை" என்று தானாக வந்து சொன்ன ஒரு ஆள்கூடக் கிடையாது. தானாக ஒப்புக்கொள்கிறவன் ஏன் பொய் சொல்லப் போகிறான்? கண்ணைப் பார்த்துப் பேசுகிறவள் எதை மறைக்கப் போகிறாள்? தீர்ப்பு வந்துவிட்டது. பையன் வீட்டில் இருக்க வேண்டியது, பெண் பள்ளிக்குப் போக வேண்டியது.

பெண் அங்கியை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினாள். பையன் சோகமாக முகத்தை வைத்துக்கொண்டு உள்ளே போனான். உள்ளே போனதும் கட்டிலில் குதிக்கிற சத்தம் கேட்டது. செக்கருக்கு அது காதில் விழவில்லை. அவர் சக செக்கர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் போட்டு, அன்றைய விசாரணையை முதலிலிருந்து கடைசி வரை விளக்கிக்கொண்டிருந்தார். யாராவது "அப்புறம்?" என்று கேட்டுவிட்டால் போதும், மறுபடியும் முதலிலிருந்து. அன்று பகல் வரை அந்தப் போனுக்கு ஓய்வே இல்லை.

கடைசியில் அதில் இடம் கிடைத்து உள்ளே நுழைந்தது மாடிக் குரல்தான்.

"அத்தான், லைனே கிடைக்கலையே! நம்ம ராணி மேடை ஏறிட்டாளா? வீடியோ எடுக்கச் சொன்னீங்களா?"

"உனக்கெப்படிடா தெரியும் ராணின்னு?"

"நல்லா கேட்டீங்க! ஞாயித்துக்கிழமை பூரா நான்தானே ராஜா! பெயிண்ட் வாளியைத் தலையில கவுத்துக்கிட்டு நின்னேன். கடைசி சீன்ல என் மடியில விழுந்து அழுதா பாருங்க, எனக்கே தொண்டை அடைச்சிருச்சு. அப்புறம்தான் தெரியுது, அது இந்தக் கொரோனா அடைப்பு."

செக்கர் நாற்காலியிலிருந்து எழுந்தார். "அப்ப பையன்?"

"அவனா? சைக்கிள் மேல பெயிண்ட்டைச் சிந்திட்டேன்னு என் கூடப் பேசியே ஒரு வாரம் ஆச்சு. நான் இருக்கிற பக்கம் திரும்பக்கூட மாட்டேங்கிறான்."

செக்கர் திரும்பிப் பார்த்தார். வாசற்படியில் நின்றுகொண்டிருந்த பையன், செல்போன் எதுவும் இல்லாமலே வெறும் கையைக் காதில் வைத்துக்கொண்டு நழுவினான்.

திட்ட நேரமில்லை. பேருந்தில் ஏறக் கூடாது. கிடைத்தது மகனுடைய சைக்கிள்தான். பச்சைப் பெயிண்ட் வழிந்த அந்தச் சின்ன சைக்கிளில், முழங்கால் தாடையில் இடிக்க இடிக்க மிதித்தார். வழியில் ஒரு பேருந்து வேகத்தைக் குறைத்தது. கண்டக்டர் எட்டிப் பார்த்து, "என்ன சார் இது கோலம்! ஏறுங்க சார்!" என்று கூப்பிட்டார். "கிட்ட வராத!" என்று செக்கர் கத்திய கத்தலில், உள்ளே இருந்த பயணிகள் எல்லோரும் ஒரே நேரத்தில் டிக்கெட்டைத் தேட ஆரம்பித்தார்கள்.

பள்ளி வாசலில், காவலாளியின் கூண்டுக்கு வெளியே, மதில் ஓரமாக ஒரு தனி நாற்காலி. அதில் சிவப்பு அங்கியோடு, முகத்தில் மாஸ்க்கோடு அவர் பெண் உட்கார்ந்திருந்தாள். அவரைப் பார்த்ததும் எழுந்தாள். கிட்டே வரவில்லை.

"காலையில இருந்து ஆபீஸ்ல உங்களுக்குப் போன் பண்ணிக்கிட்டே இருக்காங்கப்பா. பேசிக்கிட்டே இருக்கீங்கன்னு வருதாம்."

செக்கர் சட்டைப் பையிலிருந்த போனை எடுத்து அணைத்தார்.

"நான் பொய் சொன்னேன்பா. நானே டீச்சர்கிட்ட சொல்லிட்டேன்."

"யாராவது கேட்டாங்களா?"

"யாரும் கேக்கல. அவ இன்னைக்குத்தான் ஸ்கூலுக்கு வந்திருக்கா. ஆபரேஷன் ஆச்சுன்னு சொன்னேனே, என் ஃப்ரெண்டு. எனக்குப் பக்கத்துல இடம் பிடிச்சு வச்சிருந்தா. சளிகூடப் பிடிக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காராம். சிரிச்சுக்கிட்டே கையைக் காட்டி கூப்பிடுறா. நான் கிளாஸ் வாசல்லயே நின்னுட்டேன்."

செக்கருக்குக் கோபம் வந்தது. வந்த கோபத்துக்குப் போக இடமில்லை. பெண் மேல் போகவில்லை, பையன் மேல் போக மனமில்லை, மச்சான் மேல் போகலாமென்றால் அவனோ கேட்டதற்கெல்லாம் உண்மையைச் சொன்னவன். கடைசியில் அது அவர் மேலேயே வந்து உட்கார்ந்துகொண்டது. அந்தக் குழந்தையை நினைத்ததும் சட்டையில் குத்தியிருந்த பேட்ஜைக் கழற்றினார்.

"அப்ப நாடகம்?"

"அவதான் ராணி. மாஸ்க் போட்டுக்கிட்டே நடிக்கிறா. ஆஸ்பத்திரியில இருந்தப்போ தினமும் போன்ல சொல்லிக் காட்டினேன், அவளுக்கு எல்லாம் தெரியும்."

மதிலுக்கு அந்தப் பக்கம் ஒலிபெருக்கி கரகரத்தது. திறந்தவெளி மேடை. வாளேந்திய ராஜா ஏதோ உறுமினார். ஒரு மெல்லிய குரல் பதில் சொன்னது. பெண் மதிலில் காதை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வசனத்தையும் மாஸ்க்குக்குள் கூடவே சொன்னாள். மேடை ராணிக்கு முன்னாலேயே அவள் கண் கலங்கியது, மேடை ராணிக்கு முன்னாலேயே அவள் கை நீண்டது. செக்கர் அவளைப் பார்த்துக்கொண்டே நின்றார். இவ்வளவு நன்றாக நடிப்பாள் என்று அவருக்குத் தெரியாது.

திடீரென்று ஒலிபெருக்கியில் சத்தமே இல்லை. மெல்லிய குரல் நின்றுவிட்டது. ஒரு இருமல், நாற்காலி இழுபடுகிற ஓசை, யாரோ சிரிக்கிற சத்தம்.

"மறந்துட்டா" என்றாள் பெண். அப்பாவைப் பார்த்தாள், மதிலைப் பார்த்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு அதன் மேல் ஏறி, மாமாவிடமிருந்து வந்த அந்தக் குரலை முழுசாக எடுத்துக் கத்தினாள்.

"மன்னா! என் மகுடத்தை எடுத்துக்கொள்ளுங்கள், என் மக்களை விட்டுவிடுங்கள்!"

காவலாளி கூண்டிலிருந்து எட்டிப் பார்த்தார். அந்தப் பக்கம் மூச்சு விடுகிற சத்தம்கூட இல்லை. பிறகு ஒலிபெருக்கியில் அந்த மெல்லிய குரல், அதே வசனத்தை, மெதுவாக, ஒரு சொல் விடாமல் சொன்னது. அடுத்ததையும் சொன்னது. கடைசி வரை நிற்காமல் சொல்லி முடித்தது. கைத்தட்டல் எழுந்தது, அடங்கவே இல்லை.

பெண் நாற்காலியிலிருந்து இறங்கினாள்.

"நல்லா சொன்னா இல்லப்பா?" என்றாள்.

"ரொம்ப நல்லா சொன்னாம்மா" என்றார் செக்கர்.

அதற்கப்புறம்தான் அவள் அழுதாள்.