ஒப்துலியாவின் அடுப்படி

லா பால்மா தீவின் எரிமலை ஒப்துலியாவின் வீட்டை விழுங்கி மூன்று வருடமாகிறது. வாழைப்பழம் பொதியும் கொட்டகையில் முதுகொடிய உழைத்துக் கட்டிய வீடு. இன்றும் ஞாயிறு தவறாமல் மடக்கு நாற்காலியோடு வந்து, தன் அடுப்படி புதைந்த இடத்தில், இறுகிப்போன கரும்பாறை மேல் உட்கார்ந்து காப்பி குடிப்பாள்.

அன்று சுற்றுலாக் கூட்டத்தோடு வந்த வழிகாட்டி ராய்கோ, "அக்கா, கொஞ்சம் நகருங்க. இவங்க படம் எடுக்கணுமாம்" என்றான்.

"நான் எதுக்குடா நகரணும்? என் அடுப்படி மேல ஏறி நிக்கிறது அவங்கதானே?"

"இப்ப இது வெறும் பாறைதானே அக்கா!"

ஒப்துலியா காப்பியை ஊதிக் குடித்தாள். "எரிமலையும் கதவத் தட்டாமதான் உள்ள வந்துச்சு. அதக் கேக்க எனக்கு வக்கில்ல. உங்களக் கேக்க வாய் இருக்கு. வெளிய போங்க!"