கற்பகவல்லிக்கு வந்த சீட்டு

கற்பகவல்லியோடு ஒன்பது வருஷம் ஒரே அறையில் வேலை பார்த்தவன் நான். அரசு ஆஸ்பத்திரியில் அவர் பால்வினை நோய் ஆலோசகர். நான் லேப் டெக்னீஷியன், பெயர் லட்சுமிகாந்தம். தங்கமான மனுஷி. வாய்தான் புத்திக்கு ஒரு அடி முன்னால் போகும். அதனால் வந்ததுதான் இந்தக் கதை.

மாசத்துக்கு ஒரு நாள் ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனிக்கு இந்த நோய்களைப் பற்றி வகுப்பு எடுக்கப் போவோம். கேட்டிலேயே செல்போனை வாங்கி வைத்துவிடுவார்கள். ஒரு அறையில் நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்பதால் வகுப்பெல்லாம் சாப்பாட்டுக் கொட்டகையில், மத்தியான நேரத்தில்தான். போர்மேன் ஊர்க்காவலன் முதலில் ஆண்களை உட்கார வைப்பார், அவர்கள் எழுந்து போனதும் பெண்களை. இந்த விஷயத்தை வாய்விட்டு யார் கேட்பார்கள்? அதனால் வெடிக்குழாய் சுற்றி மிஞ்சின பேப்பரில் எழுதி, ஒரு காலிப் பெட்டியில் போட்டுவிடுவார்கள். ரெண்டு பக்கத்துச் சீட்டும் ஒரே பெட்டியில் கிடக்கும். அடுத்த மாசம் போய்ப் பதில் சொல்வோம்.

ஆவணியில் வந்த சீட்டு ஒன்று இப்படி இருந்தது: 'ஆணோட வாழ்ந்தாச்சு. இப்ப பெண்ணோட வாழ்றேன். ரெண்டும் பிரியப்பட்டுத்தான். ஒரு வருஷமா நோவு. மாத்திரை தின்னா நிக்குது, திரும்ப வருது. டாக்டர்ட்ட எதைச் சொல்லிக் காட்டணும்?'

சீட்டில் அலுமினியப் பவுடர் அப்பியிருந்தது. அந்தக் கம்பெனியில் அதைக் கலக்கிற வெடிமருந்து அறையில் ஆண்கள்தான். பெண்களுக்குக் குழாய் சுற்றுவதும் பெட்டி கட்டுவதும். எழுதியது ஆண் என்று கற்பகவல்லி முடிவு கட்டிவிட்டார். நானும்தான், பொய் சொல்வானேன்.

புரட்டாசியில் போனபோது, ஆண்கள் கூட்டத்தில் அதை உரக்க வாசித்தார். வாசித்துவிட்டு, "ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு கால் வச்சா எப்படிங்க? முதல்ல ஒரு முடிவுக்கு வாங்க" என்றார். கொட்டகையே சிரித்தது. "ஏலே, யாருலே அது?" என்று ஒருத்தன் கூவினான். எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறிவிட்டது.

திரும்பும்போது ஜீப்பிலேயே கேட்டேன். "ஒரு வருஷமா நோவுன்னு ஒரு மனுஷன் எழுதிருக்கான். நீங்க அவனை வச்சுச் சிரிப்புக் காட்டுறீக. உங்களுக்கே நல்லாருக்கா?"

மடியில் இருந்த படப் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். பிறகு சொன்னார்: "எனக்குப் பதில் தெரியலண்ணே. அதை மறைக்கத்தான் சிரிச்சேன்."

அதுவும் உண்மைதான். எங்களுக்குக் கொடுத்திருந்த படப் புத்தகத்தில் புருஷன் பெண்டாட்டிக்கு ஒரு பக்கம் உண்டு, ஆணோடு உறவுள்ள ஆண்களுக்கு ஒரு பக்கம் உண்டு. ரெண்டு பேரையும் விரும்புகிறவர்களுக்கு ஒரு வரி கிடையாது. பதிவுப் படிவத்திலும் அதற்குக் கட்டம் இல்லை. கற்பகவல்லி டாக்டர்களை நச்சரித்துக் கேட்டு, ஒரு வெள்ளைத்தாளில் தானே எழுதிப் புத்தகத்தில் ஒட்டினார். அடுத்த மாசம்வரை பொறுக்கவும் இல்லை, மறு வாரமே கிளம்பினார்.

தீபாவளி லோடு ஏறிக்கொண்டிருந்த நேரம். "பத்து நிமிஷம்தான் மேடம். ஆம்பளைகளை மட்டும் அனுப்புறேன். பொம்பளைக கையை நிப்பாட்டினா ஆர்டர் போகாது" என்றார் ஊர்க்காவலன். எழுதினவன் ஆண்தானே, போதும் என்று இவரும் தலையாட்டிவிட்டார்.

நாற்பது ஆண்களுக்கு முன்னால் நின்று சொன்னார்: "போன வாரம் நான் சொன்னது தப்பு. ஆம்பளை, பொம்பளை ரெண்டு பேரையும் பிடிக்கிறவங்க இருக்காங்க. அது குழப்பமும் இல்ல, நோயும் இல்ல. யாரோட இருந்தீங்கன்னு மறைக்காம சொன்னாத்தான் சரியான பரிசோதனை செய்ய முடியும். வெளிய யாருக்கும் தெரியாது. அந்தச் சீட்டை எழுதினவங்க என்னை மன்னிக்கணும்." இந்தத் தடவை ஒருத்தரும் சிரிக்கவில்லை.

ஆனால் யாரும் ஆஸ்பத்திரிக்கு வரவுமில்லை. வாசலில் ஆண்குரல் கேட்டாலே கற்பகவல்லி எட்டிப் பார்ப்பார். தீபாவளி முடிந்து கம்பெனியும் அடைத்தாயிற்று. "அவனை நான்தாண்ணே விரட்டிட்டேன்" என்று புலம்பிக்கொண்டே இருந்தார்.

கார்த்திகையில் ஒரு காலையில் முப்பது வயசுப் பெண் ஒருத்தி வந்து உட்கார்ந்தாள். பெயர் இருளம்மாள். கற்பகவல்லி படிவத்தை எடுத்து, "வீட்டுக்காரர் பேரு?" என்று ஆரம்பித்தார்.

"அந்தச் சீட்டை எழுதினது நாந்தான் மேடம்."

கற்பகவல்லி பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "நீங்களா? அதுல அலுமினியப் பவுடர்..."

"ஆள் பத்தலைன்னு ஆவணியில எங்களையும் மருந்து அடைக்க விட்டாக. நீங்க பதில் சொல்ல வந்தீகளாம். ஆம்பளைகட்ட மட்டும் சொல்லிட்டுப் போயிட்டீக. போன வாரம் மருந்து அறை மாரிக்கண்ணன் பேச்சுவாக்குல சொல்லித்தான் எனக்கே தெரியும். பொம்பளைக்கு அப்படி இருக்காதுன்னு நினைச்சீகளோ?"

கற்பகவல்லி படிவத்தை ஓரமாகத் தள்ளி வைத்தார். அவளே சொன்னாள்.

"எம் புருஷன் மஞ்சக்காமாலையில போயி நாலு வருஷம் ஆச்சு. அவுக மேல எனக்கு அம்புட்டுப் பிரியம். இப்ப சுகிர்தாவோட இருக்கேன், அவ மேலயும் அம்புட்டுப் பிரியந்தான். டவுன்ல ஒரு டாக்டரம்மாட்ட ரெண்டு தடவை காட்டினேன். 'புருஷன் இல்லங்கிற, நோய் மட்டும் திரும்பத் திரும்ப வருது. எந்த ஆளு, சொல்லு'ன்னாக. ஆளே இல்லன்னேன், நம்பலை. மூணாந்தடவை நான் போகலை."

நர்ஸ் பரிசோதனைக்குச் சாம்பிள் எடுத்துக் கொடுத்தார். கண்ணாடிச் சில்லை மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். ட்ரைக்கோமோனாஸ் என்கிற பால்வினைக் கிருமி, உயிரோடு நெளிந்தது. ஏழு நாள் மாத்திரையில் போகிற கிருமிக்கு ஒரு வருஷம் வலியைத் தின்றிருக்கிறாள்.

கற்பகவல்லி அவள் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "இது பொண்ணுக்குப் பொண்ணும் ஒட்டும் இருளம்மா. நீங்க மட்டும் மாத்திரை சாப்பிட்டா, அவங்ககிட்ட இருந்து திரும்ப வந்துரும். ரெண்டு பேரும் சேர்ந்து சாப்பிடணும். அம்புட்டுதான்."

"அப்ப நான் எந்த ஆள்ட்டயும் போகலைங்கிறதை நீங்களாச்சும் நம்புறீகளா?" என்று கேட்டுவிட்டு இருளம்மாள் முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். கற்பகவல்லிக்கும் கண் கலங்கிவிட்டது.

"நம்புறேன்மா. சுகிர்தாவை எப்பக் கூட்டிட்டு வர்றீங்க?"

"வந்திருக்கா மேடம். திட்டுவீகளோன்னு பயந்துக்கிட்டு சைக்கிள் ஸ்டாண்டுகிட்ட நிக்கா."

கற்பகவல்லி செருப்பைக்கூடப் போடாமல் எழுந்து போனார். நான் வாசலிலிருந்து பார்த்தேன். ஒல்லியான ஒரு பெண் சுவரோடு சுவராக ஒண்டி நின்றாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "உள்ள வாங்க சுகிர்தா. திட்டு வாங்க வேண்டியவ நான்" என்றார்.