மலையைப் பார்த்து அளந்த அரிசி

அன்றைக்குக் காலையில் எங்கள் தொடக்கப் பள்ளியில் யார் யார் இருந்தார்கள் என்று இப்போது கேட்டாலும் வரிசையாகச் சொல்லிவிடுவேன்: தலைமையாசிரியை எஸ்தர் டீச்சர், சிறு வகுப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்த "சின்ன டீச்சர்", சத்துணவு சமைக்கிற செல்லம்மக்கா, மூக்கொழுகிக்கொண்டிருந்த ஒன்றாம் வகுப்புப் பேச்சி, காலில் கட்டோடு இசக்கிமுத்து, மூன்றாம் வகுப்பில் நான். அப்புறம், சாரலுக்கென்று எடுத்துவந்து நனையாமலே போன குடையை மடியில் கிடத்திக்கொண்டு, டீச்சரின் நாற்காலியில் உட்கார்ந்திருந்த கல்வி அதிகாரி. அவ்வளவு பேர்தான். காற்று மட்டும் சன்னல் கதவுகளைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தது.

மற்றப் பிள்ளைகள் எல்லாம் குற்றாலத்தில். எங்கள் தெருவுக்கு "சீசன்" என்றால் அதுதான் அறுவடை. அப்பாமார் அருவியில் குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடப் போவார்கள், அம்மாமார் மங்குஸ்தானும் நேந்திரங்காய் சிப்ஸும் விற்கக் கடை போடுவார்கள், பிள்ளைகள் குளிக்கிறவர்களின் துணிக்குக் காவல் இருப்பார்கள். எங்கள் அம்மாவும் கடை போட்டவள்தான். எனக்குக் கூட்டத்தைக் கண்டால் ஆகாது, யாராவது மிதித்துவிடுவார்களோ, அருவி இழுத்துவிடுமோ என்று அழுது தீர்ப்பேன். "இவள வச்சுக்கிட்டு யாவாரம் பாக்க முடியாது" என்று பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுப் போய்விடுவாள்.

அதிகாரி நல்ல மனுஷர், அதட்டவில்லை. "டீச்சர், மூணு பிள்ளைக்கு ரெண்டு டீச்சர், ஒரு அடுப்பு. நான் மேலிடத்துக்கு என்னன்னு எழுத? செங்கோட்டை ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்க ஸ்கூலோட சேத்துருவோம்" என்றார்.

"சீசன் முடியட்டும் சார், பெஞ்சு தெரியாம பிள்ளைக இருக்கும்."

"எல்லா இடத்துலயும் ஒரு காரணம் சொல்லுதாவ. சாப்பாட்டு மணி வரைக்கும் இருக்கேன். அதுக்கு மேல என் கையில இல்ல."

அந்த ரோட்டில் புளியறை வழியாகக் கேரளத்துக்குப் போகிற லாரிகள் இரவும் பகலும் ஓடும், எங்கள் தெரு ஆடுகளில் பாதி அங்கேதான் செத்தன. "அந்த ரோட்டத் தாண்டித்தான் படிக்கணும்னா பொட்டப்பிள்ளைக்குப் படிப்பே வேண்டாம்" என்று அம்மா முன்பே சொல்லியிருந்தாள். பள்ளிக்கூடம் மூடினால் என் படிப்பும் மூடும் என்பது மூன்றாம் வகுப்புக்குள்ளேயே எனக்குத் தெரிந்திருந்தது.

எங்கள் சத்துணவுக் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. சீசன் மாதங்களில் செல்லம்மக்கா காலையில் மலையைப் பார்த்துவிட்டுத்தான் அரிசி அளப்பாள். மேகம் இறங்கி மலை மறைந்திருந்தால் அருவியில் தண்ணீர் கூடும், போலீஸ்காரர்கள் குளிக்க விடமாட்டார்கள், கடைகளில் ஈ ஓட்டவேண்டியதுதான், பிள்ளைகள் திரும்பி வந்துவிடும். அப்படிப்பட்ட நாளில் பெரிய பானை. மலை பளிச்சென்று தெரிந்தால் சின்னப் பானை. அதிகாரி வந்த அன்றைக்கு வெயில் அடித்தது. "மலை தொடச்சு வச்ச மாதிரி இருக்கு, ஒரு பயலும் வரமாட்டான்" என்று சொல்லிச் சின்னப் பானையை ஏற்றிவிட்டாள். எஸ்தர் டீச்சரும் மலையை எட்டிப் பார்த்து, அதுதான் சரி என்று வந்து உட்கார்ந்தார்கள்.

இரண்டு பேருக்குமே கணக்குத் தப்பிப்போனது. எங்கள் கண்ணுக்குத் தெரியாத மலை முகட்டுக்குப் பின்னால் கொட்டித் தீர்த்திருக்கிறது. முதலில் சத்தம்தான் வந்தது. எப்போதும் காதில் இருந்துகொண்டே இருப்பதால் நாங்கள் கேட்பதையே விட்டுவிட்ட அருவிச் சத்தம், திடீரென்று கனத்து, தரை வழியாக ஏறிவருவதுபோல் இருந்தது. பேச்சி என் பாவாடையைப் பிடித்துக்கொண்டாள். தலைக்கு மேலே வெயில், ஒரு சொட்டு மழையில்லை, பள்ளிக்குப் பின்னால் ஓடுகிற வாய்க்கால் மட்டும் காவி கரைத்தது மாதிரி நிறம் மாறிக்கொண்டே வந்தது. அப்புறம் குற்றாலத்துச் "சங்கு" ஊதியது. அந்த அபாயச் சங்கைக் கேட்டால் பயப்படுகிற நான், அன்றைக்கு உடம்பெல்லாம் புல்லரித்து நின்றேன். இவ்வளவு பெரிய மலை எங்கள் பள்ளிக்கூடத்துக்காக வாய் திறந்தது என்றுதான் எனக்குத் தோன்றியது. இன்றைக்கும் அதை மாற்றி நினைக்க முடியவில்லை.

கொஞ்ச நேரத்தில் ரோட்டு வளைவில் தலைகள் தெரிந்தன. தலைச்சுமையோடு அம்மாமார், எண்ணெய் மினுங்கும் உடம்போடு அப்பாமார், முன்னால் ஓடிவருகிற பிள்ளைகள். முற்றம் நிறைந்து, வாசல் நிறைந்து, வேலியோரமும் நிறைந்தது.

அதிகாரி எழுந்து நின்றுவிட்டார். "என்ன டீச்சர், பக்கத்து ஊர்லேருந்து பிள்ளைகளக் கடன் வாங்கி எறக்கிட்டீங்களா?"

எஸ்தர் டீச்சர் சாப்பாட்டு மணியை அடித்தார்கள். பிள்ளைகள் நேராகத் தட்டு அடுக்கியிருந்த இடத்துக்குப் போனார்கள். அந்தக் காலத்தில் தட்டு வீட்டிலிருந்து கொண்டுவந்ததுதான், பள்ளியிலேயே கிடக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு பெயர் குத்தியிருக்கும், பிள்ளையின் பெயர் அல்ல, அம்மாவின் கல்யாணத்துக்குச் சீர் கொடுத்தவர் பெயர். எந்தப் பெயர் தன் வீட்டுப் பெயர் என்று ஒரு சின்னப் பிள்ளைகூடத் தடுமாறவில்லை. எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றும் தன் தன் இடத்தில் போய்ச் சம்மணம் போட்டது. அதிகாரி வரிசையோடு குனிந்து குனிந்து வாசித்துக்கொண்டே போனார். என் வகுப்பு ஜெபராஜிடம், "ஏலே, ஒன் தட்டுல பொன்னுத்தாய்னு இருக்கு, ஆருலே அது?" என்றார்.

"எங்க பெரியத்தை. நீங்க கூப்பிட்டாலும் வராது சார், எங்க வீட்டோட சண்டை."

முற்றமே சிரித்தது. அவரும் சிரித்துவிட்டார்.

ஆனால் பானை சின்னது. செல்லம்மக்கா கரண்டியைப் பிடித்துக்கொண்டு, "மலையே, என்னைய ஏமாத்திட்டியே!" என்று மலையைப் பார்த்தே வைதாள். எங்கள் அம்மா யாரையும் கேட்கவில்லை, கூடையைக் கவிழ்த்தாள். விற்காத சிப்ஸ், பலாச்சுளை, யாரோ கொண்டுவந்த பஜ்ஜி, பரோட்டா, எல்லாம் தட்டு தட்டாக விழுந்தன. அதிகாரி எஸ்தர் டீச்சரின் தட்டில் ஒரு கை சோறும் மங்குஸ்தானும் தின்றார். போகும்போது, "இதெ நான் எப்படி எழுதுவேன்னு தெரியல டீச்சர். ஆனா மூடச் சொல்லி எழுதமாட்டேன்" என்றார்.

அதனால்தான் நான் ஐந்தாவது வரை படித்தேன். பிறகு வளர்ந்த பிள்ளையாக அந்த ரோட்டைத் தாண்டி எட்டாவது வரை போய், வீட்டு நிலைமையில் நின்றுவிட்டேன். இப்போது அதே சத்துணவுக் கூடத்தில் கரண்டி பிடிக்கிறவள் நான்தான்.

இந்தச் சீசனில் மறுபடியும் அதிகாரி வரப்போகிறார் என்கிறார்கள். இவர் வேறு ஆள். பிள்ளைகளும் இந்தத் தடவை குற்றாலத்தில் இல்லை. காலையிலேயே தனியார் பள்ளிகளின் மஞ்சள் வேன்கள் வந்து அள்ளிக்கொண்டு போய்விடுகின்றன. பள்ளிக்கூட வாசலில் மிச்சம் என் மகளும் அவள் சேக்காளிகள் இரண்டொருவரும்தான். ரோட்டில் இப்போது லாரி இன்னும் கூடுதல். ராத்திரி படுத்தால் அந்த ரோடுதான் கண்ணுக்குள் ஓடுகிறது. பெயர் குத்திய தட்டுகள் இல்லை. பொன்னுத்தாய் என்று போட்ட ஒன்றுதான் சுவரோரம் கிடக்கிறது. ஜெபராஜ் பட்டாளத்தில் இருக்கிறான்.

போன வாரம் அரிசி களைந்துகொண்டிருந்தபோது தரை அதிர்ந்தது. வாய்க்கால் காவி நிறமாக மாறியது. சங்கு ஊதியது. அதே புல்லரிப்பு, கொஞ்சமும் குறையவில்லை. ஓடிப்போய் ரோட்டு வளைவைப் பார்த்தேன். அங்கே யாரும் இல்லை. திரும்பி வந்து, சின்னப் பானையை இறக்கிவிட்டுப் பெரிய பானையை ஏற்றினேன்.