ஊதா மூடிகளின் கப்பல்

கேப்டனை முதன்முதலாகச் சந்தித்த அன்று நான் மயங்கி விழுந்தேன். பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள். புதிதாகச் சேருகிறவர்களின் இரத்தத்தை எடுத்துப் பார்ப்பது அங்கே வழக்கம். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான், அதுவும் நுண்ணுயிரியல். சான்றிதழ் உறையை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். ஊசி உள்ளே போவதைப் பார்த்தேன். அடுத்து நான் பார்த்தது கூரையை.

"பட்டதாரி சார், கிருமியப் படிச்சீங்க, சரி. ரத்தத்தப் படிக்கலையா?" என்று ஒரு முகம் குனிந்து கேட்டது. என் சான்றிதழ் உறை கசங்காமல் அவர் கையில் இருந்தது. நான் சாய்ந்தபோது முதலில் அதைத்தான் பிடித்திருக்கிறார். அந்த ஒன்றுக்காகவே அவரோடு ஒட்டிக்கொண்டேன்.

பதினொரு வருடமாக இரத்தம் எடுப்பவர். அழுகிற குழந்தையிடம், "காலையில எந்தக் கால் செருப்ப முதல்ல போட்ட?" என்று கேட்பார். அது யோசித்து முடிப்பதற்குள் குழாய் நிரம்பிவிடும். எதை எழுதுவதானாலும், அச்சுப் பிசகி வீணான லேபிள் துண்டுகளின் பின்பக்கத்தில் எழுதிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். அந்தப் பை எப்போதும் உப்பியே இருக்கும்.

கேப்டன் என்ற பெயர் சனிக்கிழமைகளில் வந்தது. தையல் அக்காவின் கடை அன்று அரை நாள்தான். மதியத்துக்கு மேல், துணி வெட்டும் மேசையில் அக்கா சாக்குக்கட்டியால் ஒரு விண்கப்பல் வரைவார். பன்னிரண்டு அறைகள். நாங்கள் நால்வரும் ஆளுக்கொரு பொத்தான்: அக்கா, கேப்டனின் மனைவியுடைய தம்பி, லிஃப்ட் மெக்கானிக், நான். காலாவதியான இரத்தக் குழாய்களின் ஊதா மூடிகள்தான் ஜாம்பிகள். விளையாட்டை உருவாக்கியவரும் நடத்துபவரும் கேப்டன்.

அவருடைய ஜாம்பிகள் உறுமாது. மரியாதையாகக் கதவைத் தட்டும். "அண்ணே, நான்தான், தெறங்க. தண்ணி மட்டும் போதும்" என்று நேற்று வரை கூட இருந்தவனின் குரலில் கேட்கும். அந்தக் குரலை அவர் பேசிக் காட்டும்போது பட்டப்பகலிலேயே என் முதுகு சில்லிடும்.

விதி எளிது. ஒவ்வொரு சுற்றிலும் எல்லோருக்கும் மடித்த சீட்டு வரும். பெரும்பாலும் வெற்றுச் சீட்டு. 'கடி' என்று எழுதிய சீட்டு வந்தால் ஜாம்பி உங்களைக் கடித்துவிட்டது. அதை வெளியே காட்டக் கூடாது. மூன்று சுற்றுக்குள் கப்பலின் பரிசோதனை அறைக்குப் போனால் பிழைக்கலாம். போகாவிட்டால் உங்கள் பொத்தானை எடுத்துவிட்டு அங்கே ஊதா மூடியை வைப்பார். யாரையும் வற்புறுத்தி அந்த அறைக்கு அனுப்ப முடியாது. அவரவராகப் போக வேண்டும்.

அந்தச் சனிக்கிழமை கேப்டனின் முகமே சரியில்லை. பகடையை இரண்டு முறை கீழே போட்டார். சட்டைப் பையிலிருந்து சீட்டுகளை அள்ளி ஆளுக்கொன்றாகத் தள்ளினார். நான் என்னுடையதைப் பிரித்தேன்.

'கடி' இல்லை. வெற்றுச் சீட்டும் இல்லை. ஒரு இரத்தக் குழாயின் எண். அதன் கீழே, வியாழன், 11.20, இடது ஆள்காட்டி விரல்.

எங்கள் கூடத்தில் கையில் ஊசி குத்திவிட்டால் இந்த மூன்றையும் எழுதி விபத்துப் புத்தகத்தில் ஒட்ட வேண்டும். கையெழுத்து கேப்டனுடையது. எழுதியவர் ஒட்டவில்லை. என்னை நடுங்க வைத்தது அதுகூட இல்லை. அந்த எண்ணை எனக்குத் தெரியும். அந்தச் சனிக்கிழமை காலை எச்.ஐ.வி. பரிசோதனையில் இயந்திரம் சந்தேகம் காட்டிய குழாய் அது. இரண்டாவது பரிசோதனை முடியும்வரை முடிவை வெளியே விடாதே என்று என்னிடம்தான் ஒப்படைத்திருந்தார்கள்.

குத்திய மூன்று நாளுக்குள் தொற்றைத் தடுக்கும் மருந்தைத் தொடங்கியாக வேண்டும். இரண்டு நாளுக்கு மேல் ஆகிவிட்டது.

"பாருங்க, பாருங்க, மூஞ்சி வெளுத்துடுச்சு" என்றார் மெக்கானிக். "பட்டதாரியத்தான் கடிச்சிருக்கு."

"படிச்ச ரத்தம், ருசியா இருந்திருக்கும்" என்றார் கேப்டனின் மைத்துனர்.

"என் மேசையில வாந்தி எடுத்துடாதப்பா. நாளைக்குத் துணி வெட்டணும்" என்றார் அக்கா.

எல்லோரும் சிரித்தார்கள். சீட்டை உள்ளங்கைக்குக் கீழே மறைத்தேன். மைத்துனர் எதிரே உட்கார்ந்திருக்கிறார். உரக்கச் சொன்னால் ஐந்து நிமிடத்தில் அவருடைய அக்காவுக்கு, அதாவது கேப்டனின் மனைவிக்கு, போய்விடும். சொல்லாவிட்டால் மனிதர் இப்படியே ஞாயிற்றுக்கிழமையைத் தாண்டிவிடுவார்.

"என் ஆட்டம்" என்றேன். "கேப்டனப் பரிசோதனை அறைக்குக் கூட்டிட்டுப் போறேன்."

"கேப்டன் கப்பல்லயே இல்லையேப்பா" என்றார் மெக்கானிக். "அவரு ஆட்டத்த நடத்துறவரு."

கேப்டன் என்னைப் பார்த்தார். பிறகு என் கையைப் பார்த்தார். அவருடைய விரல்கள் சட்டைப் பைக்குள் போய்த் தேடின. தேடியது அங்கே இல்லை. "பத்து நிமிஷம் டீ" என்று எழுந்தார்.

படிக்கட்டில் சீட்டை நீட்டினேன்.

"இந்த நம்பரு..." என்று ஆரம்பித்தார்.

"எதுவும் கேக்காதீங்கண்ணே. நான் சொல்லக் கூடாது. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

சொல்லாததை அவர் கேட்டுவிட்டார். கைப்பிடியைப் பிடித்தபடியே படியில் உட்கார்ந்தார்.

"புக்ல ஒட்டத்தான் எழுதினேன். ஒட்டினா வீட்ல சொல்லணும். அவ கைக்குழந்தையோட இருக்கா. ரெண்டு நாளா நான் புள்ளையத் தூக்கல. சளின்னு பொய் சொல்லிட்டுத் திரியறேன்."

"தூக்கினா தொத்தாதுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"எத்தனை பேருக்கு நானே சொல்லியிருக்கேன். நமக்குன்னு வந்தா தெரிஞ்சதெல்லாம் எங்கயோ ஓடிடுது."

"உங்க ஆட்டத்துல மூணு சுத்து. இங்க மூணு நாள். விதி நீங்க வச்சதுதானே?"

அவர் சீட்டை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "அந்த மூணு நாள் முடியறதுக்காகத்தான் காத்துட்டு இருந்தேன் போலிருக்கு. முடிஞ்சுட்டா அப்புறம் போக வேண்டியதே இல்லல்ல."

கதவைத் தட்டுகிற அந்தக் குரல்களில் எதற்கும் நான் அவ்வளவு பயந்ததில்லை.

மேல்படியில் மைத்துனர் நின்றிருந்தார். எவ்வளவு கேட்டார் என்று தெரியவில்லை. கையில் அவருடைய பொத்தான். "மாமா, அக்காகிட்ட நான் பேசட்டுமா?"

"வேணாம் மாப்ள. நானே சொல்றேன். முதல்ல போயிட்டு வந்துடறேன்." எழுந்து நின்றார். யாரும் அவரைக் கையைப் பிடித்து எழுப்பவில்லை.

அவசரப் பிரிவில் மருத்துவர் மணியைக் கணக்கிட்டுப் பார்த்து, நேரம் இருக்கிறது என்றார். முதல் மாத்திரையை அங்கேயே விழுங்க வைத்தார். பிறகு செவிலியர் இரத்தம் எடுக்க வந்தபோது, பதினொரு வருடமாக அடுத்தவர் கையைப் பிடித்தவர் தன் கையை நீட்ட மாட்டாமல் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"அண்ணே, காலையில எந்தக் கால் செருப்ப முதல்ல போட்டீங்க?" என்றேன்.

உண்மையாகவே யோசித்தார். குழாய் நிரம்பியது.

வீட்டில் அன்று மாலையே சொன்னார். அவர் மனைவி குழந்தையைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்துவிட்டு, "ரெண்டு நாளா என் இடுப்பு ஒடிஞ்சுது, பிடிங்க" என்றாராம். திங்கள்கிழமை சீட்டு புத்தகத்தில் ஒட்டப்பட்டது. இருபத்தெட்டு நாள் மாத்திரையில் ஆள் குமட்டிக் குமட்டிப் பாதியானார். தாய்க்கும் குழந்தைக்கும் ஒன்றுமில்லை என்று மருத்துவர் எவ்வளவு சொல்லியும், தன் ஒவ்வொரு பரிசோதனை முடிவும் வரும் நாளில் என் மேசைக்குப் பின்னால் வந்து நிற்பார்.

அந்தக் குழாயின் இரண்டாவது பரிசோதனை முடிவை நான் இங்கே எழுதப் போவதில்லை. அது வேறொரு மனிதருடையது. கேப்டனும் ஒருநாளும் கேட்டதில்லை.

கேப்டனின் மூன்றாம் மாத முடிவைத் தட்டச்சு செய்தவன் நான். தொற்று இல்லை. இப்போதும் அதே கூடத்தில் இரண்டாம் மேசையில் இரத்தம் எடுக்கிறார். சனிக்கிழமைகளில் கப்பலை நடத்துகிறார். சீட்டுகளை மட்டும் தையல் அக்கா தன் காகிதத்தில் வெட்டித் தருகிறார்.