பஞ்சு ஒட்டிய சீப்பு

என் மேசை இழுப்பறையில் ஒரு சிவப்புச் சீப்பு கிடக்கிறது. பற்களுக்கிடையே பஞ்சு, வெள்ளையாக இருந்தது, அழுக்கேறிச் சாம்பல் நிறமாகிவிட்டது. எடுத்துப்போட ஊசியைத் தேடுவேன். கை வராது.

அப்பாவின் ஒரே தங்கை, என் அத்தையின் சீப்பு அது. சிங்காநல்லூரில் ஒரு நூல் மில்லில் அத்தை வேலைக்குச் சேர்ந்தபோது அப்பா வைத்த நிபந்தனை ஒன்றுதான்: போகலாம், தெருவுக்குத் தெரியக்கூடாது. கன்னியர் மடத்துத் தையல் வகுப்புக்குப் போகிறாள் என்று சொல்லிவைத்தோம். ஆனால் மில்லுக்குள் பறக்கும் பஞ்சு தலைமுடியில் வந்து உட்கார்ந்துகொள்ளும், ஆளைக் காட்டிக்கொடுக்கும். அதனால் ஷிப்டு முடிந்ததும் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் நின்று, பின்னலை அவிழ்த்து வாரி, உதறி, மறுபடி பின்னிக்கொண்டு, தையல் பையோடு வீடு வருவாள். தெருவில் ஒருவரும் நம்பவில்லை.

"ஏனம்மணி, இத்தன நாளாத் தெக்கறயே, எனக்கொரு ஜாக்கெட் தெச்சுக் குடு பாக்கலாம்" என்று பக்கத்து வீட்டு அக்கா சீண்டுவார்.

"உங்க அளவுக்குத் துணி கெடைக்கோணுமல்லங்க்கா" என்றபடி அத்தை உள்ளே போய்விடுவாள்.

சோமனூரிலிருந்து பெண் பார்க்க வந்த நாளில் லீவு போடச் சொல்லியிருந்தார் அப்பா. அத்தை கேட்கவில்லை. "புள்ளைய வேலைக்கெல்லாம் உடறதில்லீங்களே?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. "ஐயோ, இல்லீங்க. தையல் கிளாசுக்குப் போயிருக்குது, இப்ப வந்துருமுங்க" என்றார் அப்பா. சொல்லி முடிப்பதற்குள் அத்தை வாசலில் நின்றாள். அன்று தலை வாரவில்லை. புருவத்தில்கூடப் பஞ்சு.

"மில்லுல இருந்து வாரேனுங்க. கண்ணாலத்துக்குப் பொறவும் போவேனுங்க. சம்மதம்னா சொல்லுங்க, காப்பி கொண்டாரேன்."

அவர்கள் எழுந்து போனார்கள். அத்தை பையிலிருந்து சீப்பை எடுத்து அப்பாவின் முன்னால் வைத்தாள். "இது இனி எனக்கு வேண்டாமுங்ணா."

மறுநாளே மில் தோழியின் அறைக்குப் போய்விட்டாள். அப்பா அதன்பிறகு அவளோடு பேசவில்லை. மாதா கோயில் பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக்கொள்ளும் நேரத்தில்கூட, அத்தை நிற்கும் பெண்கள் பக்கம் திரும்பமாட்டார். அத்தை மில் மூடும்வரை வேலை பார்த்தாள். சம்பாதித்தாள், இருமினாள், தனியாகவே இருந்தாள். அது வெற்றியா என்று எனக்கு இன்றும் சொல்லத் தெரியவில்லை.

அத்தை இறந்த அன்று தடியூன்றி வந்த அப்பா, சட்டைப் பையிலிருந்து இந்தச் சீப்பை எடுத்தார். இத்தனை காலமும் வைத்திருந்திருக்கிறார். "தலைய வாரி உடம்மா. சனம் வந்து பாக்குமல்ல" என்று தோழியிடம் நீட்டினார்.

அந்த அம்மா வாங்கவில்லை. "வேண்டாமுங்க. அவ ஊருக்காக வாரறத உட்டு ரொம்ப நாளாச்சுங்க."

அப்பா சீப்பை என் கையில் திணித்துவிட்டு வெளியே போனார். மன்னிப்புக் கேட்கத்தான் கொண்டுவந்தாரா, கடைசியாக ஒருமுறை அவளை மறைத்துவிடவா? இன்று கேட்க அவரும் இல்லை. மில் இருந்த இடத்தில் அடுக்குமாடிகள் நிற்கின்றன.

நேற்றும் ஊசியோடு உட்கார்ந்தேன். முதல் இழையைத் தொட்டதும் நிறுத்திவிட்டேன். யார் கண்ணுக்காகச் சுத்தம் செய்யப் பார்த்தேன்?